பொறி

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் துபாய் சென்று, தேராப் பகுதியில் என் தங்கை மகனுடைய அறையில் பத்தொன்பது நாட்கள் தங்கியிருந்தேன். புறப்படுகையில் தங்கை என்னிடம் ஒப்படைத்தவை மூன்று: டப்பா நிறையத் தொதல், பழந்துணியில் சுற்றிய கருவாடு, ஒரு வேண்டுகோள். முதலிரண்டும் பெட்டிக்குள் சென்றன. மூன்றாவதை நெஞ்சில் சுமந்து சென்றேன்.

"காக்கா, நீங்க சொன்னா அவன் தட்டமாட்டான். அந்தப் புகையை விட்டுடச் சொல்லிட்டு வாங்க. அவன் வாப்பா போன மாதிரி இவனும் போயிடக்கூடாது."

அவளுடைய கணவர், என் மச்சான், 2016-இல் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீடியும், பின்னர் சிகரெட்டும் குடித்த நெஞ்சு அவருடையது. கடைசி எட்டு மாதங்கள் நீட்டிப் படுக்க இயலாமல், தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் சாய்ந்தவாறே இரவுகளைக் கழித்தார். அவரை அடக்கிவிட்டுத் திரும்பிய அன்று மாலை, மையவாடிச் சுவருக்கு அப்பால் நின்று இந்தப் பிள்ளை சிகரெட் பற்றவைத்ததை நான் கண்டேன். கண்டும் காணாதவன்போல் வந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை ஆறாண்டு கழித்துக் கடல் கடந்து சொல்லப் போகிறோமே என்ற எண்ணம் விமானத்தில் என்னை வருத்திக்கொண்டே வந்தது.

ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு அறிவுரையை முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் கெட்ட பழக்கம் உண்டு. தோற்றுவாய் இன்னது, சான்று இன்னது, முடிவு இன்னது என்று நானும் வகுத்து வைத்திருந்தேன். முதல் இரவே அத்தனையும் வீணாயிற்று. "சிகரெட்டை விட்டு ஒன்றரை வருஷமாச்சு மாமா" என்றான் பிள்ளை. நாளொன்றுக்கு இருபது பிடித்தவன் அவன். சுவரில் மஞ்சள் கறையில்லை. அறையில் அந்த வாடையும் இல்லை. நான் இறைவனைப் புகழ்ந்து முடிப்பதற்குள், இழுப்பறையைத் திறந்து ஒரு குழலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "இதாலதான் விட்டேன்" என்றான்.

முதலில் தெரிந்தது அதன் கனம். பார்வைக்குச் சிறியது. ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த விட்டம். ஆனால் முழுவதும் செம்பு. கையில் வாங்கியதும் கை சற்றே தாழ்ந்தது. நல்ல தராசுப் படிக்கல்லை எடுக்கும்போது கை அப்படித் தாழும். நிறம் புதுச் செம்பின் நிறமன்று. நன்கு பழுத்து உலர்ந்த பேரீச்சையின் நிறம். விரல்கள் வழக்கமாகப் படும் இடங்களில் மட்டும் செம்மை மின்னிற்று.

"புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடுமே" என்றேன். எங்கள் வீட்டுச் செம்புப் பாத்திரங்களையெல்லாம் உம்மா அப்படித்தான் துலக்குவார்கள். பிள்ளை பதறிவிட்டான். "ஐயோ, வேணாம் மாமா. இந்த நிறம் வர்றதுக்கு வருஷக்கணக்காகும். வேணும்னேதான் தேய்க்காம வச்சிருக்கேன்."

வேப் என்றும் மின் சிகரெட் என்றும் வழங்கும் கருவிகளில் இது ஒரு வகை. பொதுவாகக் கடைகளில் விற்பவற்றுள் ஒரு மின்னணுச் சுற்று இருக்கும். எவ்வளவு மின்சாரம் செல்லலாம், எப்பொழுது நிறுத்தலாம் என்பதை அது பார்த்துக்கொள்ளும். பிள்ளையின் குழலில் அந்தக் காவலன் இல்லை. மெக்கானிக்கல் மாட் என்பார்களாம். உள்ளே ஒரு பேட்டரி. அடியில் ஒரு பொத்தான். தலையில் ஒரு கம்பிச்சுருள். அவ்வளவே. பொத்தானை அழுத்தினால் பேட்டரிக்கும் சுருளுக்கும் நடுவே யாரும் இல்லை.

அவனோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் ஊர் திரும்பும்போது இதை அவனுக்கு விற்றுச் சென்றார். அந்நாட்டில் இத்தகைய குழல்களைக் கடைவதில் பேர்பெற்ற சிறு பட்டறைகள் உண்டு. பிள்ளைக்கு அல் கூஸ் தொழிற்பகுதியில் உள்ள ஓர் இயந்திரப் பட்டறையில் லேத்து வேலை. உலோகத்தைக் கடைந்தே பிழைப்பவன் ஆதலால், நான் கனத்தை மட்டும் உணர்ந்த இடத்தில் அவனுக்கு வேறு பலவும் புலப்பட்டன. ஒவ்வொரு பகுதியாகக் கழற்றித் தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் வைத்தான். மரை கழலும்போது ஒரு கரகரப்பும் இல்லை. எண்ணெய் விட்ட கதவுபோல் என்று எழுதவந்தேன். அதுகூடப் பொருந்தாது, ஏனெனில் கதவு சற்று ஆடும். இது ஆடவில்லை. மீண்டும் பூட்டும்போது, கடைசிக் கால் சுற்றில் மட்டும் ஓர் இறுக்கம் வந்து, இரண்டு பகுதிகள் சேர்ந்த இடம் எதுவென்று நகத்தால் தடவினாலும் அறிய முடியாமல் போயிற்று.

"இந்த மரையை வெட்டினவன் கையை முத்தமிடலாம் மாமா" என்றான்.

பொத்தானின் கீழே சுருள்வில் கிடையாது. ஒன்றையொன்று தள்ளும்படி எதிரெதிராக வைத்த இரண்டு காந்த வளையங்கள். அழுத்தும்போது விரல் ஏதோ ஒரு காற்றுத் தலையணையை அமுக்குவதுபோல் இருக்கும். விட்டதும் ஓசையின்றித் திரும்பிவிடும். கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகினால் பொத்தான் அசையாது. சட்டைப்பையில் தானாக அழுந்திவிடாமல் இருக்க இந்தப் பூட்டு. மின்சாரம் கடக்கும் முனைகளில் வெள்ளி பூசப்பட்டிருந்தது. செம்பைவிடவும் வெள்ளி மின்சாரத்தை நன்கு கடத்தும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அந்தப் பாடத்தைக் கடுகளவு வெள்ளியாகக் கண்ணால் கண்டது அன்றுதான்.

தலைப்பகுதியில் இரண்டு சிறு தூண்கள். அவற்றுக்கிடையே காந்தால் எனும் கம்பியை அவனே சுற்றிப் பொருத்துகிறான். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை அது, சூட்டைத் தாங்கும். சுருளின் உள்ளே ஒரு பஞ்சுத்திரி. அதன்மேல் சில துளி திரவம். புரோப்பிலீன் கிளைகால், காய்கறி எண்ணெய்களிலிருந்து எடுக்கும் கிளிசரின், ஏதேனும் ஒரு வாசனை, இவற்றோடு நிகோடின். பொத்தானை அழுத்தியதும் சுருள் சூடாகிறது, திரவம் ஆவியாகிறது, அதை உள்ளே இழுக்கிறார்கள். எதுவும் எரிவதில்லை, சாம்பல் இல்லை. "இது புகை இல்லை மாமா, ஆவி" என்று அவன் அடிக்கடி சொன்னான். இந்தச் சொல்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் இதை நானே பயன்படுத்தியிருக்கிறேன்.

ஒரு தாளில் கணக்குப் போட்டும் காட்டினான். முழுதாக ஏற்றிய பேட்டரியில் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.5 ஓம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 8.4 ஆம்பியர், சூடு ஏறத்தாழ 35 வாட். பேட்டரி இறங்கி 3.7 வோல்ட் ஆகும்போது 27 வாட்தான். சுற்றுள்ள கருவிகள் இந்த இறக்கத்தை மறைத்து ஒரே அளவாகத் தரும். இதுவோ மறைப்பதில்லை. "பேட்டரி இறங்குறது நாக்குக்குத் தெரியும்" என்றான் பிள்ளை. இந்தக் கணக்குக்கு அடிப்படையான விதியை 1827-இல் வெளியிட்ட கேயார்க் ஓம், அப்போது ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஆசிரியன் ஒருவன் இந்தக் குழலுக்குள்ளும் இருக்கிறான் என்றதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அந்தக் குழல் என்னை ஈர்த்தது. புகை என்றால் முகம் சுளிப்பவன் நான். ஐம்பத்து நான்கு வயதுவரை பீடியைக்கூட உதட்டில் வைத்ததில்லை. அதே அறையில் இருந்த வேறிரு இளைஞர்களிடம், இழுத்துத் தீர்ந்ததும் குப்பையில் எறியும் பிளாஸ்டிக் கருவிகள் இருந்தன. மிட்டாய்த் தாளின் நிறங்கள். தர்ப்பூசணி வாசனை, மாம்பழ வாசனை. உள்ளே நல்ல நிலையிலுள்ள லித்தியம் பேட்டரியோடு சேர்த்தே எறிந்துவிடுகிறார்கள். அவற்றைக் கண்டபோது எனக்கு அருவருப்பே தோன்றியது. அறிவுரை கூறுவதும் எளிதாயிருந்தது. செம்புக் குழலிடம் மட்டும் என் நா எழவில்லை. பிள்ளை வேலைக்குச் சென்றபின், தனியே இருந்த பகல்களில், அதை எடுத்துக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். பேட்டரியை அவன் தனியே ஒரு உறையில் வைத்துவிட்டுத்தான் செல்வான். வெறும் கூட்டைத்தான் கழற்றிப் பூட்டினேன். அந்தக் கடைசிக் கால் சுற்று இறுக்கத்துக்காகவே.

அரபியில் 'இத்கான்' என்றொரு சொல் உண்டு. செய்யும் வேலையைப் பழுதறச் செய்வது. மாணவர்களுக்கு அதன் பொருளை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கையில் தொட்டது சில முறைதான்.

ஓர் இரவு அவனுக்கு அல்-ஜஸரியைப் பற்றிச் சொன்னேன். தியார்பக்ர் நகரில் அர்துகிய மன்னரிடம் பணிபுரிந்த அந்தப் பொறியாளர், 1206-இல் முடித்த நூலில் ஐம்பது கருவிகளை விளக்கியுள்ளார். யானை வடிவ நீர்க்கடிகாரத்தின் படத்தைப் பலர் பார்த்திருப்பர். எனக்கு அந்த யானையைவிட ஒரு சிறு குறிப்பே பெரிது. நீர் கசியாத அடைப்பிதழ் வேண்டுமானால், அடைப்பானையும் அது அமரும் குழியையும் எமரித் தூள் இட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்த வேண்டும் என்று அவர் எழுதி வைத்தார். இதைக் கேட்டதும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, போன வாரம் நான் அதைத்தானே செஞ்சேன்! வால்வு லேப்பிங்!" எண்ணூறு ஆண்டுக்கு முந்திய ஆசிரியரும் அல் கூஸ் பட்டறைப் பிள்ளையும் ஒரே தூளால் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். நான் என்ன பேசினாலும் பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுகிற பிள்ளை அவன். அன்று இரவு ஒரு மணிவரை என்னை உறங்கவிடவில்லை. அவன் வாப்பா இறந்தபின் அவனோடு நான் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதன்முறை. நடுவே வைத்திருந்த பொருள் எது என்பதை அப்போது நான் மறந்துபோனேன் என்றால் நம்ப வேண்டும்.

காவலன் இல்லாத கருவி என்றேன். அதன் விலை பெரிது. குழலின் உடம்பே மின்சாரம் திரும்பும் வழி. பேட்டரியின் மேல்தோல் சற்றுக் கிழிந்திருந்தாலும், சுருளின் தடையைத் தவறாகக் கணக்கிட்டாலும், மின்சாரம் கட்டற்றுப் பாயும். பேட்டரி உள்ளுக்குள் கொதித்துச் சிதறும். 2018-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சஸ் மாநிலத்தில் ஓர் இளைஞரும் வேப் கருவி வெடித்து மாண்டனர். பிள்ளைக்கு இது நன்றாகத் தெரியும். வாரந்தோறும் பேட்டரியின் தோலை விளக்கடியில் சுழற்றிப் பார்ப்பான். சுருளை மாற்றினால் மீட்டர் வைத்துத் தடையை அளக்காமல் குழலில் ஏற்றமாட்டான். குழலின் அடியில் ஆவி வெளியேறும் துளைகளை ஊசியால் துடைப்பான். இந்த ஒழுங்கைக் கண்டு நான் வியந்தேன். வியந்த மறுகணமே, ஐவேளைத் தொழுகைக்கு இவனை எழுப்புவதற்கு என் தங்கை பட்ட பாடும் நினைவுக்கு வந்தது.

அழகிய கருவியும் அது கொண்டுவரும் கேடும் ஒரே கையில் இருப்பதை நான் முன்பும் கண்டிருக்கிறேன். உம்மாவைப் பெற்ற பாட்டியாரிடம் ஒரு பாக்குவெட்டி இருந்தது. இரும்பு அலகு, பித்தளைப் பிடி, பிடியின் முனையில் கிளித்தலை. நடுவில் ஒரே ஓர் ஆணி. ஐம்பது ஆண்டு வெட்டியும் அந்த ஆணி தளரவில்லை. பாட்டியார் கண்ணை மூடிக்கொண்டே பாக்கைச் சீவுவார்கள். சீவல் காகிதம்போல் விழும். 'டொக்' என்ற அந்த ஓசைக்காகவே பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு பாக்கு வெட்டக் கொடுத்தால் அன்று முழுவதும் பெருநாள்தான். 1984-இல் பாட்டியாரின் வலது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் வந்தது. வாய் திறக்க முடியாமல் கஞ்சியை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து, மறு ஆண்டு மறைந்தார்கள். வெற்றிலைச் சூடு என்று சொன்னவர்கள் உண்டு; கண்ணேறு என்றவர்களும் உண்டு. பாக்கே புற்றுநோய்க்குக் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது 2004-இல். அதற்குள் பாட்டியாரின் கபுருக்கு அருகே நட்ட மரம் நிழல் தரத் தொடங்கியிருந்தது. பாக்குவெட்டி இப்போது தங்கையின் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் பாக்குப் போடுபவர் யாருமில்லை. ஆயினும் ஆண்டுக்கொரு முறை அவள் அதற்கு எண்ணெய் இடுகிறாள். நான் சென்றால், ஒரு முறையாவது திறந்து மூடிப் பார்க்காமல் வருவதில்லை.

'ஹீலா' என்னும் அரபுச் சொல்லைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. ஹா, வாவ், லாம் என்ற வேரிலிருந்து வருவது. மாறுதல், திரும்புதல் என்பது வேரின் பொருள். பணத்தைக் கைமாற்றும் ஹவாலாவும் அதே வேரில் முளைத்ததுதான். ஹீலாவின் பன்மை ஹியல். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள் 'கிதாபுல் ஹியல்' என்றொரு நூல் செய்தனர். தானே நிரம்பும் கெண்டி, தானே ஒளி குறையாத விளக்கு என்று ஏறத்தாழ நூறு கருவிகள் அதில் உள்ளன. அதே நூற்றாண்டில், அதே பக்தாதில் வாழ்ந்த ஹனஃபி சட்டமேதை அல்-கஸ்ஸாஃபின் பெயராலும் ஒரு 'கிதாபுல் ஹியல்' வழங்குகிறது. அதில் கெண்டியும் இல்லை, விளக்கும் இல்லை. சட்டத்தின் எழுத்தை மீறாமலேயே அதன் தடையிலிருந்து நழுவும் வழிகள் அதில் உள்ளன. நுட்பமான கருவிக்கும் நுட்பமான நழுவலுக்கும் அரபியர் ஒரே சொல்லை வைத்தனர். நழுவலை ஏற்ற அறிஞரும் உண்டு; இப்னுல் கய்யிமைப்போல் கடுமையாகச் சாடியவரும் உண்டு.

தமிழ் மட்டும் இளைத்ததா என்ன? 'பொறி' என்ற சொல்லைப் பாருங்கள். எந்திரமும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி, நெருப்பின் துளியும் பொறி, மெய், வாய், கண், மூக்கு, செவி ஐந்தும் பொறி. செய்தித்தாளின்மேல் கழற்றிக் கிடந்த அந்தக் குழலில் இந்த நான்கு பொருளுக்கும் இடமிருந்தது. இதைப் பிள்ளையிடம் சொன்னேன். சிரித்தான். எலி என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

புகையிலை நம் நாட்டு அரசவைக்கு வந்த வரலாற்றிலும் ஒரு குழல் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய அஸத் பேக், அக்பர் பாதுஷாவுக்குப் புகையிலையை வெறும் இலையாகக் கொண்டுவந்து வைக்கவில்லை. அச்சே நாட்டுப் பிரம்பில் செய்து, இரு முனைகளிலும் மணிகளும் எனாமலும் பதித்து, யமன் நாட்டு அகீக் கல்லால் வாய்முனை அமைத்த குழலோடு வைத்தார். பாதுஷா எடுத்து ஒன்றிரண்டு முறை இழுத்தார். மருத்துவர் குறுக்கிட்டுத் தடுத்தார். வெற்றிலைக் கொட்டைபோல் இலையை மட்டும் ஒரு மூட்டையில் கட்டி வைத்திருந்தால் பாதுஷாவின் கை நீண்டிருக்குமா என்று நான் ஐயுறுவதுண்டு. பின்னர் ஜஹாங்கீர் 1617-இல் புகையைத் தடுத்தார். உதுமானியப் பேரரசில் நான்காம் முராத் 1633-இல் தடுத்து, மீறியவர்களின் தலையையும் வாங்கினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் டமாஸ்கஸ் நகரத்து அப்துல் கனீ நாபுலுஸீ, புகையிலை ஆகுமானதே என்று தனி நூல் எழுதினார். எங்கள் ஆசிரியப் பெருந்தகை ஒருவர், தம் வகுப்பில் இந்தப் பிணக்கை விரித்துரைக்கும்போது, இடையிடையே பொடிமட்டையைத் திறந்து மூடுவார். அந்த மட்டையும் அழகானதுதான்.

இந்தப் புதிய கருவியின் பிறப்பிலும் ஒரு மகன் இருக்கிறான். அமெரிக்கர் ஒருவர் 1965-இலேயே புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தும் அது சந்தைக்கு வந்து நிலைக்கவில்லை. இன்று நாம் காணும் வகையை 2003-இல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்னும் சீன மருந்தாளுநர். தாமே கடுமையாகப் புகைத்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றால் இறந்தார். இங்கிலாந்தில் புகைப்பதை விட விரும்புவோருக்கு மருத்துவத் துறையே இதைப் பரிந்துரைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதன்மீது கடும் ஐயம் கொண்டு அரசுகளை எச்சரிக்கிறது. நிகோடினுக்கு அடிமையாகாதவன் இதைத் தொடலாகாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன.

பத்தாம் நாள் இரவு தங்கை பேசினாள். பிள்ளை எதிரே கட்டிலில் அமர்ந்திருந்தான். குழல் அவன் கையில் இருந்தது, விரல் பொத்தானின்மேல் இருந்தது, அழுத்தவில்லை.

"சொல்லிட்டீங்களா காக்கா? புகையை விடுறேன்னு சொன்னானா?"

"சிகரெட்டை விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சாம்மா" என்றேன்.

மறுமுனையில் அழுகுரல். அழுகைக்கிடையே இறைவனுக்கு நன்றி. அந்த வெள்ளிக்கிழமை அநாதைப் பிள்ளைகளின் மதரஸாவுக்கு ஒரு தேக்சா நெய்ச்சோறு ஆக்கி அனுப்பினாள் என்று பின்னர் அறிந்தேன். அவள் கேட்டது புகையைப் பற்றி. நான் விடை சொன்னது சிகரெட்டைப் பற்றி. ஒரு சொல்லும் பொய்யில்லை. பலாகத்துப் பாடத்தில் 'தவ்ரியா' என்றோர் அணி கற்பிக்கிறோம். ஒரு சொல்லுக்கு அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் இருக்க, கேட்பவர் அண்மைப் பொருளைக் கொள்ளும்படி விட்டுச் சொல்பவர் சேய்மைப் பொருளைக் கருதுவது. முப்பதாண்டாகக் கற்பிக்கிறேன். அன்றிரவுதான் அதைச் செய்து பார்த்தேன்.

தொலைபேசியை வைத்ததும் பிள்ளை, "நல்லா சமாளிச்சிட்டீங்க மாமா" என்றான். எனக்கு அந்தப் பாராட்டு கசந்தது.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னர் ஒன்று கேட்டேன். அவன் திரவத்தில் தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராம் நிகோடின். அதை 6 ஆக்கி, 3 ஆக்கியிருந்தான். நிகோடினே இல்லாத திரவமும் கிடைக்கிறது. "மூன்றிலேயே ஏன் நின்றுவிட்டாய்? எட்டு மாதமாகிறதே" என்றேன். நெடுநேரம் அவன் விடை சொல்லவில்லை. குழலைத் திருகித் திறந்தான், மூடினான்.

"பூஜ்யத்துக்குப் போயிட்டா, இதை ஏன் கையில வச்சிருக்கணும்னு தோணிடும் மாமா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருவன் சொல்லியிருந்தால் எள்ளி நகையாடியிருப்பேன். ஆனால் பகலெல்லாம் வெறும் கூட்டைக் கழற்றிப் பூட்டிய விரல்கள் என்னுடையவை. மருந்து தீர்ந்தபின்னும் சீசாவை விட மனம் வராத நோயாளியைக் கண்டிருக்கிறேன். சீசாவை விட மனமின்றி நோயையே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்பவனை அன்றுதான் கண்டேன். அன்றிரவு அவன் கேட்டுக்கொண்டதற்காக, ஒரே ஒரு முறை, பேட்டரி ஏற்றிய குழலின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். சுருள் சீறியது, பஞ்சிலிருந்து வெண்மையாக ஆவி எழுந்து மின்விசிறிக் காற்றில் கலைந்தது. அதை நான் உள்ளே இழுக்கவில்லை. விரலை எடுக்கத்தான் சற்றுத் தாமதமாயிற்று.

இது நடந்து நாளாயிற்று. பிள்ளை இப்போது நாற்பது நாள் விடுப்பில் ஊர் வர நாள் குறித்திருக்கிறான். தங்கை வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. குழலை அவன் கொண்டுவர இயலாது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, இந்தியாவில் மின் சிகரெட்டை உற்பத்தி செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், சேமித்து வைப்பதும் குற்றம். இறக்குமதிக்கு முதன்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை ஏய்க்கும் ஹீலா ஏதும் நான் சொல்லித் தரப்போவதில்லை, ஒன்று போதும். ஆனால் மச்சானைக் கொன்ற சிகரெட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில், தீப்பெட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகவும் விற்கிறார்கள். தங்கை வீட்டு வாசலில் நின்றால் அந்தக் கயிறு தெரியும்.

அதை எண்ணிச் சில நாட்களாக எனக்கு உறக்கம் சரியில்லை. தங்கையிடம் உண்மையை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருமுறை அவள் வீட்டுக்குப் போனேன். முதல் முறை கொத்தனார் இருந்தார். இரண்டாம் முறை யாரும் இல்லை. அவள் தேநீர் கொண்டுவந்தாள். நான் பாக்குவெட்டியை எடுத்துத் திறந்து மூடிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்றிரவு பிள்ளை தொலைபேசியில் பேசினான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றான். யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். வைக்கப் போகும்போது, "மாமா, ஒண்ணு கேட்கணும்" என்றான்.

"கேள், வாப்பா."

"செம்பைத் துலக்கணும்னா புளியை எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரம் போதும் என்றேன். தேய்க்கும்போது ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.